மெக்சிகோவின் வாசற்படி: வெராக்ரூஸ்



சில வாரங்களாகப் புதுச்சேரிப் பழங்கதைகளையே எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை கொஞ்சம் தூரம் போய் வருவோம். மெக்சிகோ நாட்டின் கிழக்குக் கரையில் வெராக்ரூஸ் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும். மூன்றாம் நெப்போலியன் மெக்சிகோவுக்குப் படை அனுப்பிய கதை எங்கள் வரலாற்றுப் பாடத்தில் வரும். படை வெராக்ரூஸில் இறங்கியது என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அந்த ஊரில் யார் வாழ்ந்தார்கள், அங்கே என்ன விளைந்தது, படை போன பிறகு அவர்கள் கதி என்ன என்று பாடம் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அதைத் தேடிப் படிக்க எனக்கு நேரம் கிடைத்தது.

நான் அரசாங்க அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன். பதிவேட்டில் உள்ளே வந்ததும் வெளியே போனதும் இருக்கும். ஒரு துறைமுகத்தின் வரலாற்றையும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்ன ஆண்டு இன்ன கப்பல் வந்தது, இன்ன சரக்கு போனது என்று. அங்கேயே இருந்தவர்களுக்கு அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது. வெராக்ரூஸைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அந்த விடுபட்ட பத்தியின் மேல்தான் நினைப்பு போயிற்று.

நிலமும் காற்றும்

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீளமாகக் கிடக்கும் மாநிலம் இது. வடக்கே பானுகோ ஆறு, தெற்கே தொனலா ஆறு. கடற்கரை மட்டும் சுமார் 700 கிலோமீட்டர். பரப்பு ஏறக்குறைய 72,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 80 லட்சத்துக்குச் சற்று அதிகம்.

நீளம் அதிகம் என்றாலும் அகலம் குறைவு. அந்தக் குறைந்த அகலத்துக்குள் நிலம் கடல் மட்டத்திலிருந்து பனிமலை வரை ஏறிவிடுகிறது. மெக்சிகோவிலேயே உயரமான சிகரமான ஒரிசாபா (5,636 மீட்டர்) இந்த மாநிலத்தின் மேற்கு எல்லையில் நிற்கிறது. அந்தக் காலத்து மாலுமிகள் கரை தெரிவதற்கு முன்பே அதன் பனித் தலையைக் கண்டு திசை பிடிப்பார்களாம். அங்குள்ளவர்கள் நிலத்தை மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார்கள்: சூடான நிலம், மிதமான நிலம், குளிர்ந்த நிலம். கீழே கரும்பு, அன்னாசி, வாழை; நடுவில் காப்பி; மேலே உருளைக்கிழங்கு, மக்காச்சோளம். தலைநகரம் கடலோரத்தில் இல்லை. ஹலாப்பா என்ற அந்த ஊர் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் மிதமான நிலத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே நாள் கணக்கில் தூறிக்கொண்டிருக்கும் மென்தூறலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சிப்பி சிப்பி’. நம் காதுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது பாருங்கள்.

கடலோரத்தில் அந்த இதம் கிடையாது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ‘நோர்த்தே’ என்ற காற்று புயல் வேகத்தில் அடிக்கும். நம் வாடைக்காற்று அதன் முன் சாது. இயற்கையான நல்ல துறைமுகமும் அங்கே இல்லை. கரைக்கு எதிரே இருந்த சான் ஹுவான் தெ உலூவா என்ற சிறு தீவின் மறைவில்தான் கப்பல்கள் ஒதுங்கி நிற்க முடிந்தது. ஆனாலும் நாட்டின் தலைநகருக்குப் போகும் பாதை அந்தக் கரையிலிருந்துதான் சென்றது. அதனால் மெக்சிகோவின் வாசல் அங்கே அமைந்துவிட்டது.

காகிதத்தில் பிறந்த நகரம்

ஐரோப்பியர் வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே பெரிய நாகரிகங்கள் இருந்தன. தெற்குப் பகுதியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓல்மெக் மக்கள், தூஸ்த்லா மலையிலிருந்து எரிமலைப் பாறைகளைக் கொண்டுவந்து ஆள் உயரத்துக்கும் மேலான மனிதத் தலைகளைச் செதுக்கினார்கள். சக்கரமும் இழுவை மாடும் இல்லாத காலம் அது. அந்தத் தலைகளில் ஏழு இன்று ஹலாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வடக்கே எல் தஹீன் என்ற இடத்தில் 365 மாடக்குழிகள் உள்ள ஒரு படிக்கோபுரம் நிற்கிறது. ஆண்டின் நாட்களைக் குறிப்பது என்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள பகுதியில் இன்றும் தோத்தோனாக் மக்கள் வாழ்கிறார்கள்.

1519ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று எர்னான் கோர்த்தேஸ் அந்தக் கரையில் இறங்கினார். அவர் முதலில் செய்த காரியம் என் போன்ற குமாஸ்தாவுக்குச் சுவையானது. கியூபாவின் கவர்னர் அவரை அனுப்பியது கரையை ஆராயவும் வியாபாரம் செய்யவும் மட்டுமே. நாட்டைப் பிடிக்க உத்தரவு இல்லை. எனவே கோர்த்தேஸ் வீடு ஒன்றுகூட இல்லாத மணலில் ஒரு நகரத்தை அறிவித்தார். அதற்கு ஒரு நகரசபையை நியமித்தார். அந்த நகரசபை கூடி, அவரையே மன்னரின் நேரடி அதிகாரத்தின் கீழ் தளபதியாக நியமித்தது. கவர்னரின் அதிகாரம் காகிதத்திலேயே கழன்றுபோயிற்று. பெரிய வெள்ளியன்று இறங்கியதால் ஊருக்கு ‘மெய்ச் சிலுவையின் செல்வ ஊர்’ என்று பெயர். வெரா குரூஸ் என்றால் மெய்ச் சிலுவை. அந்த ஊர் பிறகு சில முறை இடம் மாறி, 1600 வாக்கில் இப்போதுள்ள இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அருகில் செம்பொவாலா என்ற தோத்தோனாக் நகரம் இருந்தது. அஸ்தெக் பேரரசின் வரிச்சுமையால் நொந்திருந்தவர்கள் அவர்கள். வரி வசூலிக்க வந்தவர்களைக் கட்டிப் போடுங்கள் என்று கோர்த்தேஸ் தூண்ட, அவர்களும் அப்படியே செய்து ஸ்பானியர் பக்கம் சேர்ந்தார்கள். மறுபுறம் கோர்த்தேஸ், கட்டிப் போட்டவர்களில் இருவரை இரவோடிரவாக அவிழ்த்துவிட்டு, நான் உங்கள் நண்பன் என்று அஸ்தெக் அரசருக்குச் சொல்லி அனுப்பினார். அடுத்த ஆண்டே இன்னொரு ஸ்பானியப் படையோடு பெரியம்மை அந்தக் கரையில் இறங்கியது. ஸ்பானியருக்கு முதன்முதலில் கை கொடுத்த செம்பொவாலா சில தலைமுறைகளில் பாழடைந்தது.

வெள்ளி போனது, மனிதர்கள் வந்தார்கள்

அடுத்த மூன்று நூற்றாண்டுகள் இந்த வாசல் வழியாகப் போனது வெள்ளி. மெக்சிகோ சுரங்கங்களின் வெள்ளி கோவேறு கழுதைகளின் முதுகில் மலையிறங்கி, வெராக்ரூஸில் கப்பலேறி ஸ்பெயினுக்குப் போயிற்று. இங்கே நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரெஞ்சுக் கும்பெனி அந்த ஸ்பானிய வெள்ளிக் காசுகளை, அதாவது பியாஸ்த்ர்களை, காதிஸ் துறைமுகத்தில் வாங்கி, புதுச்சேரிக்குக் கப்பலில் அனுப்பியது. கவர்னர் துய்மா காலத்தில், 1736இல், நாணயம் அடிக்கும் உரிமை புதுச்சேரிக்குக் கிடைத்தது. பியாஸ்த்ர் உருகி ரூபாய் ஆயிற்று. அந்த ரூபாயைக் கொண்டு நம் நெசவாளர்களின் துணியை வாங்கினார்கள். வெராக்ரூஸ் வழியாகப் போன வெள்ளியில் ஒரு பங்கு இப்படிச் சோழமண்டலக் கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

வெள்ளி வெளியே போன வாசல் வழியாக உள்ளே வந்தவர்களில் ஆப்பிரிக்க அடிமைகளும் உண்டு. கரும்பாலைகளுக்காக அவர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் யாங்கா. தோட்டத்திலிருந்து தப்பி, ஒரிசாபா மலைச் சரிவில் தன்னைப் போல் ஓடிவந்தவர்களோடு பல ஆண்டுகள் தனிக் குடியிருப்பாக வாழ்ந்தார். 1609இல் ஸ்பானிய அரசு படை அனுப்பியும் அவர்களை அடக்க முடியவில்லை. கடைசியில் அரசே பேச்சு நடத்தி, சுதந்திர மனிதர்களின் ஊராக அவர்கள் வாழ ஒப்புக்கொண்டது. மெக்சிகோ விடுதலை அடைவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அந்த ஊர் இன்று யாங்கா என்ற பெயரோடு இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் இந்த மாநிலத்தில் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் தங்களை ஆப்பிரிக்க வழியினர் என்று பதிந்திருக்கிறார்கள்.

காவலுக்கு நின்ற காய்ச்சல்

வாசல் என்றால் முட்டித் திறப்பவர்களும் வருவார்கள். அந்த நகரத்துக்கு ‘நான்கு முறை வீரம் காட்டிய வெராக்ரூஸ்’ என்று பட்டமே உண்டு. 1825இல் கோட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசி ஸ்பானியப் படை வெளியேறியது. 1838இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1847இலும் 1914இலும் அமெரிக்கர்கள்.

1838 சண்டைக்குப் ‘பலகாரப் போர்’ என்று பெயர். மெக்சிகோவில் நடந்த கலவரங்களில் பொருள் இழந்த பிரெஞ்சுக் குடிகளுக்காக பிரான்சு 6 லட்சம் பெசோ நஷ்டஈடு கேட்டது. அதில் ஒரு பத்திஸ்ரிக் கடைக்காரரின் கணக்கும் இருந்ததால் இந்தப் பெயர். பிரெஞ்சுக் கப்பற்படை சான் ஹுவான் தெ உலூவா கோட்டையைக் குண்டு வீசிப் பிடித்தது. அந்தச் சண்டையில் ஹலாப்பாவில் பிறந்த தளபதி சாந்தா அன்னா ஒரு காலை இழந்தார். பின்னால் ஜனாதிபதி ஆனதும் அந்தக் காலுக்கு இராணுவ மரியாதையோடு அடக்கம் நடத்தினார்!

1862இல் மூன்றாம் நெப்போலியனின் படை வந்தபோது அதை முதலில் தாக்கியது மஞ்சள் காய்ச்சல். கடலோரத்தில் தங்கிய ஐரோப்பியர்கள் கறுப்பு வாந்தி எடுத்துக் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அந்தக் கடலோரப் பாதையைக் காக்க அயல்நாட்டவர் படையான லெழியோனை நிறுத்தினார்கள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் நம்மூர்ச் சொல்தாக்களுக்குக் கமரோன் என்ற பெயர் நன்றாகத் தெரியும். 1863 ஏப்ரல் 30இல் காப்பித்தேன் தான்ழூவின் கீழ் 65 பேர் சுமார் 2,000 மெக்சிகோ வீரர்களை நாள் முழுதும் எதிர்த்து நின்ற அந்தச் சிற்றூர் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. லெழியோன் அந்த நாளை இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. நெப்போலியன் அனுப்பிய சக்கரவர்த்தி மாக்சிமிலியன் 1864இல் வெராக்ரூஸில் இறங்கினார். 1867இல் கெரேத்தாரோ நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

படையோடு வராத பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. 1833இல் ஷாம்ப்லித் பகுதிக் குடியானவர்கள் நிலம் கிடைக்கும் என்ற பேச்சை நம்பிக் கப்பலேறி, நவுத்லா ஆற்றங்கரையில் ஹிகால்தெபெக் என்ற இடத்தில் குடியேறினார்கள். காய்ச்சலில் பலர் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் பின்னாளில் ஆற்றின் மறுகரையில் சான் ரபாயேல் ஊரை உண்டாக்கினார்கள். வெனிலாவின் கதையில் அவர்கள் மறுபடி வருவார்கள்.

வெனிலாவின் பயணம்

வெனிலா ஒரு கொடி, ஆர்க்கிட் இனம். அதன் தாயகங்களில் முக்கியமானது தோத்தோனாக் மக்களின் பப்பாந்த்லா. பூ ஒரு காலைப் பொழுது மட்டுமே விரியும். அதற்குள் மகரந்தம் சேர வேண்டும். காய் முற்ற ஏறக்குறைய ஒன்பது மாதம். பறித்த காய்க்கு மணம் கிடையாது. பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, மாதக்கணக்கில் பக்குவம் செய்தால்தான் மணம் பிறக்கும். தலைமுறை தலைமுறையாக அந்தக் கை அவர்களுக்கு வந்திருந்தது. சுமார் முந்நூறு ஆண்டுகள் உலகச் சந்தைக்கு வெனிலா அனுப்பியது மெக்சிகோதான். ஐரோப்பியர் கொடியைக் கொண்டுபோய் வேறு நாடுகளில் நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. பூவில் மகரந்தம் சேர்க்கும் பூச்சி மெக்சிகோவிலேயே தங்கிவிட்டது.

1836இல் பெல்ஜியத்தில் மோரென் என்ற தாவரவியலாளர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் வரவைத்தார். ஆனால் தோட்டத்துக்குத் தோதான எளிய வழியைக் கண்டவன் எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். இடம் புர்போன் தீவு, இன்றைய ரெயூனியோன். ஆண்டு 1841. ஒரு சிறு குச்சியால் பூவுக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பை விலக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். சில நொடி வேலை. இன்றும் உலகம் முழுவதும் அதே முறைதான். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது அவனுக்கு அல்பியூஸ் என்று குடும்பப் பெயர் கொடுத்தார்கள். பணம் எதுவும் கொடுக்கவில்லை. 1880இல் ஏழையாகவே செத்தார் அந்த மனிதர்.

அதே 1848க்குப் பிறகுதான், விடுதலை பெற்ற அடிமைகளின் இடத்தை நிரப்பப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியோனுக்குப் பெருமளவில் கப்பலேற்றினார்கள். பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு. கரும்பும் வெனிலாவும் சேர்ந்து விளைந்த தீவு அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரெயூனியோன் வெனிலா மெக்சிகோவை முந்தியது. பிறகு மடகாஸ்கர் முந்தியது. 1874இல் ஜெர்மனியில் வெனிலின் என்ற மணப்பொருளைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். கையால் மகரந்தம் சேர்க்கும் முறையை மெக்சிகோவுக்குத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் நவுத்லா ஆற்றங்கரையில் குடியேறிய அந்தப் பிரெஞ்சுக்காரர்கள்தான். கொடி பிறந்த மண்ணுக்கே அதன் வித்தை கடல் கடந்து வந்து சேர்ந்தது.

பப்பாந்த்லாவில் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. தோத்தோனாக் மக்களின் பொதுநிலங்களைத் தனித்தனிப் பட்டாக்களாகப் பிரித்தார்கள். பட்டா, பத்திரம், கடன், கிரயம் என்று போகப் போக நிலம் வியாபாரிகள் கைக்கு மாறியது. 1890களில் அவர்கள் கிளர்ந்து எழுந்தபோது இராணுவம் வந்து ஒடுக்கியது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கை நின்றது. பட்டா எழுதுகிற மேசைக்குப் பின்னால் என்னைப் போல் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்திருப்பார். வரிசை எண், பெயர், பரப்பு, எல்லை என்று பத்திகளை ஒழுங்காக நிரப்பியிருப்பார். யாருக்கும் தெரியாமல் திருடியதில்லை அந்த நிலம். முறைப்படி பதிவாகித்தான் போயிருக்கிறது.

எண்ணெயும் காப்பியும்

வெனிலா சரிந்துகொண்டிருந்த காலத்தில் மாநிலத்தின் வடபகுதியில் எண்ணெய் கிடைத்தது. 1908 ஜூலையில் தோஸ் போகாஸ் என்ற இடத்தில் தோண்டிய கிணறு தீப்பிடித்து 57 நாள் எரிந்தது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. 1916இல் செர்ரோ அசூல் கிணறு நாளொன்றுக்கு 2,60,000 பீப்பாய் வரை பீறிட்டது. அமெரிக்கர் டொஹேனி, ஆங்கிலேயர் பியர்சன் ஆகியோரின் கம்பெனிகள் அங்கே கோலோச்சின. 1921இல் உலக எண்ணெயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மெக்சிகோவிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி இந்தக் கரையின் எண்ணெய். அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கிணறுகளில் உப்புநீர் ஏறிவிட்டது. 1938 மார்ச் 18இல் ஜனாதிபதி லாசரோ கார்தெனாஸ் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கினார். இன்று மினாத்தித்லானில் சுத்திகரிப்பு ஆலையும், கோவாத்சாகோல்கோஸ் சுற்றுவட்டாரத்தில் இரசாயன ஆலைகளும் நடக்கின்றன. மெக்சிகோவின் ஒரே அணுமின் நிலையமும் இந்த மாநிலக் கடற்கரையில்தான், லகூனா வெர்தே என்ற இடத்தில்.

மலைச்சரிவில் காப்பி. கோவாதெபெக், உவாத்துஸ்கோ ஊர்களைச் சுற்றிச் சிறு விவசாயிகள் நிழல் மரங்களுக்கடியில் வளர்க்கிறார்கள். 1989இல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்து விலை பாதியாக விழுந்தது. கொள்முதல் செய்துவந்த அரசு நிறுவனத்தையும் மூடிவிட்டார்கள். அதற்கு முன் அமெரிக்காவுக்கு அதிகம் ஆள் போகாத மாநிலம் இது. தொண்ணூறுகளில் காப்பித் தோட்டக்காரர்கள் வடக்கே புறப்பட்டார்கள். வெள்ளி, வெனிலா, எண்ணெய் போன வரிசையில் இப்போது பிள்ளைகளும் போனார்கள்.

இருந்தவர்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு, வெராக்ரூஸ் வெறும் கொள்ளை போன ஊர் என்று முடித்துவிடக் கூடாது. 1939 ஜூன் 13இல் அதே துறைமுகத்தில் சினாயா என்ற கப்பல் வந்து நின்றது. பிராங்கோவிடம் தோற்று, பிரான்சின் முகாம்களில் அடைபட்டுக் கிடந்த ஸ்பானியக் குடியரசினர் சுமார் 1,600 பேர் அதில் இருந்தார்கள். ஊர் திரண்டு வரவேற்றது. கோர்த்தேஸ் இறங்கிய கரையில் ஸ்பானியர்களே அகதிகளாக இறங்கி வாழ்வு பெற்றார்கள்.

இன்றும் அந்த மாநிலத்தில் 6 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நாவாத்ல், தோத்தோனாக் முதலான தங்கள் பழைய மொழிகளைப் பேசுகிறார்கள். பப்பாந்த்லாவில் உயர்ந்த கம்பத்தின் உச்சியிலிருந்து கயிற்றில் கட்டித் தலைகீழாகச் சுழன்று இறங்கும் சடங்கை இன்றும் செய்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலில் சேர்த்தது. நம் இளமையில் வானொலியில் ஒலித்த ‘லா பாம்பா’ பாட்டும் இந்தக் கரையின் நாட்டுப்பாடல்தான். ஸ்பானிய நரம்புக் கருவி, ஆப்பிரிக்கத் தாளம், அந்த மண்ணின் கால்கள் மூன்றும் சேர்ந்து பலகை மேல் தட்டி ஆடும் ஆட்டம் அது. எந்தச் சுங்கப் பதிவேட்டிலும் ஏறாத சொத்து.

கடைசியாக ஒன்று. ரெயூனியோனில் உறவுள்ள குடும்பங்கள் நம்மூரிலும் காரைக்காலிலும் எத்தனையோ உண்டு. வெனிலாத் தோட்டத்தில் விடியற்காலையில் பூ தொட்ட கொள்ளுப்பாட்டி யார் வீட்டிலாவது இருந்திருப்பார். அவர் பெயர் நினைவிருந்தால், அவர் சொன்ன ஒரு வார்த்தை நினைவிருந்தால், எழுதி அனுப்புங்கள். கப்பலின் பெயரும் ஏறிய தேதியும் ஆவணக் காப்பகத்தில் கிடைத்துவிடும். மற்றது உங்களிடம்தான் இருக்கிறது.